கம்பியில்லா வலைக்குச் சோதனைக்கூடம்: கேள்வி பதில்

கேள்வி: ஒரே வைஃபை சோதனை, காலையில் ஒரு வேகம், மதியம் வேறு வேகம். ஆய்வுக் கட்டுரையில் எதைப் போடுவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் போடாதீர்கள். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று கூடும், பக்கத்திலேயே ஒன்றையொன்று அழிக்கும். ஆண்டெனாவை இரண்டு விரற்கடை நகர்த்தினாலே சிக்னல் விழலாம். இதில் மதியம் யாராவது மைக்ரோவேவில் சோறு சூடாக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம், அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது.

கேள்வி: ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வைஃபை சோதனைக்கூடமான ஆர்பிட்டில் 400 கணினிகள் ஒரே கூடத்தில் இருக்கின்றனவாமே? எல்லாமே ஒன்றையொன்று கேட்குமே, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிச் செய்தி போகும் பல தாவல் வலையை எப்படிச் சோதிப்பது?

பதில்: நல்ல கேள்வி. நியூ ஜெர்சியில் உள்ள அந்தக் கூடத்தில் 20-க்கு 20 கட்டமாக, ஒரு மீட்டர் இடைவெளியில் கணினிகளை வைத்தார்கள். தூரத்தைக் கூட்ட இடமில்லை, அதனால் இரைச்சலைக் கூட்டினார்கள். செயற்கை இரைச்சலை அளந்து பரப்பினால் பக்கத்துக் கணினியின் சிக்னலும் தொலைவில் இருப்பதுபோல அதில் அமுங்கிவிடும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் முழு மாற்று அல்ல. இரைச்சல் அதிகமானால் சில ரேடியோக்கள் ‘வேறு யாரோ பேசுகிறார்கள்’ என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளும். நிஜத் தூரத்தில் அப்படி நடக்காது.

கேள்வி: எங்களிடம் ஒரு மேசையும் நான்கு ரவுட்டர்களும்தான் இருக்கின்றன, சார். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. ஆண்டெனாக்களைக் கழற்றிவிட்டு கோஆக்சியல் கேபிளால் இணையுங்கள், நடுவில் அட்டெனுவேட்டர், அதாவது சிக்னலை அளவாகக் குறைக்கும் கருவி, போடுங்கள்; அதுதான் தூரத்துக்குப் பதில். 2.4-இல் திறந்தவெளியில் ஒரு மீட்டருக்கு சுமார் 40 டெசிபெல் இழப்பு. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் இன்னொரு 6 டெசிபெல். அதை வைத்துக் கணக்குப் போடலாம். அட்டெனுவேட்டர் இல்லாமல் நேராக மட்டும் இணைக்காதீர்கள், ரிசீவர் பழுதாகிவிடலாம்.

நாங்கள் முதலில் இதைக் கட்டியபோது 80 டெசிபெல் போட்டும் வேகம் குறையவே இல்லை. எரிச்சலில் கேபிளையே கழற்றினேன். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது! சிக்னல் கேபிள் வழியாகப் போகவே இல்லை; பெட்டியின் இடுக்கிலிருந்தும் மூடாத ஆண்டெனா துளையிலிருந்தும் கசிந்து காற்றில் போயிருக்கிறது. அப்புறம் காலித் துளைகளுக்கு சிக்னலை உறிஞ்சும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டினோம், ஒவ்வொரு ரவுட்டரையும் அலை கசியாத தனி ஷீல்டு பெட்டிக்குள் வைத்தோம். பெட்டிக்குள் போகும் மின்கம்பிக்கு ஃபில்டர் வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கம்பியே ஆண்டெனா ஆகிவிடும். எதை அளப்பதற்கும் முன்னால் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். பிங் நிற்க வேண்டும்.

கேள்வி: உலோக அறை போதுமா, எதிரொலி இல்லாத அறையே வேண்டுமா?

பதில்: உலோகம் வெளி ரேடியோ அலைகளைத் தடுக்கும்; உள்ளே அலைகளின் எதிரொலியைக் கூட்டும். ஆண்டெனா வைத்துச் சோதித்தால் சுவரில் உறிஞ்சும் நுரைக் கூம்புகள் தேவை. கேபிள் என்றால் தேவையில்லை.

கேள்வி: கேபிளில் ‘நகரும் கார்’ எல்லாம் வருமா?

பதில்: காசிருந்தால் வரும். அமெரிக்காவின் கொலோசியம் சோதனைக்கூடத்தில் 128 மென்பொருள் ரேடியோக்களைக் கேபிளால் ஒரு சேனல் எமுலேட்டரில், அதாவது காற்றில் அலை போகும் பாதையைக் கணக்கிட்டுப் போலி செய்யும் கருவியில், இணைத்திருக்கிறார்கள். எதிரொலி, தாமதம், டாப்ளர் (நகர்வதால் அலையின் அதிர்வெண் மாறுவது) எல்லாம் அங்கே கணக்கு. அதே ‘தெருவை’ நாளைக்கும் ஓட்டலாம்.

கேள்வி: இவ்வளவும் செய்தும் இரண்டாம் முறை எண் மாறுகிறதே?

பதில்: டிரைவர், ஃபர்ம்வேர் தானாகப் புதுப்பித்துக்கொண்டதா பாருங்கள். ஆர்பிட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் டிஸ்க் இமேஜை (மென்பொருள் முழுவதன் நகலை) புதிதாக ஏற்றுவது இதற்குத்தான். ரவுட்டரில் எந்த நாட்டு விதி என்று சொல்லும் நாட்டுக் குறியீட்டையும் பாருங்கள். அது மாறினால் அனுப்பும் திறனின் உச்சவரம்பும் மாறும்.