சுருள் லக்கி பாம்பூவின் புதுத் தளிர் மட்டும் ஏன் நேராக வளர்கிறது?

நீங்கள் வாங்கியது சுருளாகவே வளரும் ரகம் இல்லை. அதனால்தான் தளிர் நேராகப் போகிறது. இது மூங்கிலும் அல்ல, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளைச் சேர்ந்த டிரசீனா.

அந்தச் சுருளை உண்டாக்குவது வெளிச்சம். பண்ணையில் செடிக்கு ஒரே பக்கத்திலிருந்து மட்டும் ஒளி படும்படி மறைத்து வைப்பார்கள். ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் நிழல் பக்கம் சேரும், அங்குள்ள செல்கள் கூடுதலாக நீளும், தண்டு ஒளியை நோக்கி வளையும். வளைய வளையச் செடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். முழுச் சுருள் வர மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். முற்றிய பகுதி வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும். விற்பனைக்கு முன் நுனியை வெட்டி மெழுகு வைத்திருப்பார்கள், தொட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே கணுவிலிருந்து வருவதுதான் உங்கள் தளிர்.

அதையும் வளைக்க ஆசையா? ஒரு பக்கம் மட்டும் திறந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, திறப்பை ஜன்னல் பக்கம் காட்டுங்கள். நேர் வெயில் வேண்டாம், இலை கருகும். தளிர் வளைந்ததும் சற்றே திருப்புங்கள். பழைய தண்டைக் கையால் முறுக்கவே கூடாது, ஒடிந்துவிடும்.

பின்னல் போட்ட லக்கி பாம்பூ வேறு கதை. அது பல இளந்தண்டுகளைச் சேர்த்துக் கையால் பின்னியது.