போர்க்காலப் பத்திரிகைகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சார், அந்தக் காலத்தில் தணிக்கை அதிகாரி உட்கார்ந்து வரி வரியாக வெட்டுவாரா? (திருவல்லிக்கேணி வாசகர்)

வெட்டியதும் உண்டு. ஆனால் அதைவிடச் சுலபமான ஆயுதம் ஜாமீன் தொகை. 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டப்படி அரசு பணம் கட்டச் சொல்லலாம். எழுத்து பிடிக்கவில்லை என்றால் பறிமுதல். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916இல், சென்னையில் அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா'விடம் 2,000 ரூபாய் கேட்டார்கள். அது பறிபோனதும் 10,000 கேட்டார்கள். பெசன்ட் சமாளித்துவிட்டார். கடன் வாங்கி அச்சகம் நடத்தியவர் என்ன செய்வார்? பேனாவை எடுக்கும்போதே கை நடுங்கும். எனக்கு இதுதான் தாங்க முடியாத கொடுமையாகப் படுகிறது. பயந்து எழுதாமல் விட்ட தலையங்கத்தை இன்று எங்கே போய்த் தேடுவது?

அடக்கியதால் எதிர்ப்பு குறைந்ததா? (பெரம்பூர் வாசகி)

இல்லை அம்மா. 1917 ஜூனில், ஹோம் ரூல் (சுயாட்சி) இயக்கம் நடத்திய பெசன்ட், அவருடைய கூட்டாளிகள் அருண்டேல், வாடியா மூவரையும் சென்னை கவர்னர் பென்ட்லண்ட் காவலில் வைத்தார். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. செப்டம்பரில் விடுதலை, டிசம்பரில் கல்கத்தா காங்கிரசுக்கு பெசன்ட்தான் தலைவர்.

1942இல் சென்னையே காலியானதே, அது பத்திரிகைகள் கிளப்பிய பீதியா? (தாம்பரம் வாசகர்)

பழியைப் பத்திரிகைகள்மேல் போடுவது நியாயமில்லை. ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும் மறுநாள் விசாகப்பட்டினத்திலும் ஜப்பான் குண்டு போட்டது. அரசே அலுவலகங்களை உள்மாவட்ட ஊர்களுக்கு மாற்றியது. பர்மாவிலிருந்து நடந்தே வந்த அகதிகள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். அரசு அறிக்கையோ வேறு கதை சொன்னது. சரி, ஜனங்கள் யாரை நம்புவார்கள்? அச்சில் உண்மை வராதபோது வதந்திதான் செய்தி.

அந்த ஆகஸ்டில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' பத்திரிகையையே நிறுத்தியது சரியா? (அதே வாசகர்)

வெள்ளையனே வெளியேறு போராட்டம் பற்றி, அரசு சொல்வதையும், அங்கீகரித்த செய்தி நிறுவனங்களும் பதிவு பெற்ற நிருபர்களும் தருவதையும் தவிர வேறெந்தச் செய்தியும் போடக்கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. அப்படி ஒரு பத்திரிகை வேண்டாம் என்று அதன் உரிமையாளர் ராம்நாத் கோயங்காவே நிறுத்தினார். நான் அதை மதிக்கிறேன். ஆனாலும் கைதுகள் குவிந்த நாட்களில் வாசகருக்கு ஒரு துணை போய்விட்டது என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

இதையெல்லாம் எங்கே படிக்கலாம்? (மாணவி, கிண்டி)

தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். முதல் உலகப்போர்க் காலத்துக்கு, தமிழ்ப் பத்திரிகைகளை வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கி அரசுக்குக் கொடுத்த அறிக்கைகளைக் கேளுங்கள். எந்த வரி அவர்கள் கண்ணை உறுத்தியது என்று தெரியும். அப்புறம் அதே வாரத்து 'சுதேசமித்திரன்' தமிழ் நாளிதழ் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.