வாங்குமுன் கேளுங்கள்: கண்ணுக்கு எக்ஸ்சேஞ்ச் கிடையாது

சென்ற முறை கண்ணாடி ஃபிரேம் பற்றி இரண்டு வரி எழுதப்போக, "கண்ணாடியே வேண்டாம், லேசர் செய்துகொள்ளலாமா?" என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. நான் கண் டாக்டர் இல்லை. பொருள் வாங்கி ஏமாந்து ஏமாந்து கொஞ்சம் தெளிந்தவன், அவ்வளவுதான். உங்கள் கண்ணுக்கு லேசர் ஒத்துவருமா என்பதை, கண்ணைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கே: வயது 26. இரண்டு கண்ணிலும் மைனஸ் 4. ஒரு மருத்துவமனை பாதி விலைச் சலுகை போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம், பரிசோதனை அதற்குப் பிறகுதானாம். கட்டிவிடலாமா?

ப: கட்டாதீர்கள். உங்கள் கண் லேசருக்கு ஏற்றதா என்று அவர்களுக்கே இன்னும் தெரியாது. தெரியாமலே விற்றுவிட்டார்கள்.

பரிசோதனைக்குத் தனியாகப் பணம் கொடுத்துப் போங்கள். நீங்கள் வாங்கும் பொருளே உண்மையில் அதுதான். லேசர் ஓடுவது ஒரு கண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட இல்லை. லேசர் செதுக்கப்போகும், கார்னியா என்கிற முன்படலத்தின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுப்பது, அதன் தடிமனை அளப்பது, இருட்டில் கண்மணி எவ்வளவு விரிகிறது என்று பார்ப்பது, கண்ணீர் போதுமா என்று சோதிப்பது, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பது, இவையெல்லாம்தான் நேரம் பிடிக்கும் வேலை. இதில் அவசரப்படுகிற இடம் லேசரில் நிதானமாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் "முதல்" என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறதா பாருங்கள். அந்த விலை பெரும்பாலும் பவர் குறைவாக, சிலிண்டர் (கார்னியா எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாததற்குப் போடும் பவர்) இல்லாமல் இருப்பவருக்கானது. பரிசோதனை, சொட்டு மருந்து, பிறகு போய்க் காட்டும் முறைகள், மறுபடி திருத்தம் தேவைப்பட்டால் அதுவும் சேர்ந்ததுதானா என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதெல்லாம் கணக்கில் வராது.

கே: எனக்கு 19 வயது. வருடா வருடம் பவர் ஏறுகிறது. இப்போதே செய்துகொண்டால் ஏறுவது நின்றுவிடும் அல்லவா?

ப: நிற்காது. வளர்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு செருப்பு வாங்கி ஆயுசுக்கும் போடச் சொல்வது போல இருக்கிறது. ஒரு வருடமாவது பவர் அரைக்கு மேல் மாறாமல் இருக்கட்டும், அப்புறம் எழுதுங்கள்.

கே: பரிசோதனைக்கு முன் இரண்டு வாரம் கான்டாக்ட் லென்ஸ் போடக் கூடாது என்றார்கள். வேலை நெருக்கடியில் முந்தின நாள் வரை போட்டேன். கேட்டபோது "போடவில்லை" என்று சொல்லிவிட்டேன். இது பெரிய விஷயமா?

ப: பெரிய விஷயம்தான் ஐயா. லென்ஸ் கார்னியாவின் மேல் உட்கார்ந்து அதன் வடிவத்தைக் கொஞ்சம் மாற்றிவைக்கும். மாறிப்போன வடிவத்தை அளந்து, அந்த அளவுக்கு லேசர் செதுக்கிவிடும். சில வாரத்தில் கார்னியா பழைய வடிவத்துக்குத் திரும்பும், செதுக்கியது திரும்பாது. மென்மையான லென்ஸுக்கு 2 வாரம், சிலிண்டர் உள்ள மென்லென்ஸுக்கும் காற்று புகும் கெட்டி லென்ஸுக்கும் 3 வாரம், பழைய கெட்டி லென்ஸுக்கு 4 வாரம் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லும் கணக்கு. கடைக்காரரிடம் பேரம் பேசும்போது எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லுங்கள், அளவெடுக்கிற இயந்திரத்திடம் வேண்டாம். நாளைக்கே போன் செய்து உண்மையைச் சொல்லி, மறுபடி தேதி வாங்குங்கள். இது உங்கள் கண், பக்கத்து வீட்டுக்காரருடையது அல்ல.

கே: வயது 45, மைனஸ் 3. லேசர் செய்தால் கண்ணாடிக்கு முழுக்குப் போட்டுவிடலாமா?

ப: தூரத்துக்குப் போடலாம். ஆனால் இப்போது நீங்கள் பேப்பர் படிக்கும்போது என்ன செய்கிறீர்கள்? கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிறீர்கள், சரிதானே? அந்த வசதியை உங்களுக்குத் தருவதே மைனஸ் பவர்தான். அதை லேசர் எடுத்துவிட்டால் வெள்ளெழுத்து முழுசாக வெளியே வரும். வெள்ளெழுத்து கார்னியாவின் கோளாறு அல்ல. உள்ளே இருக்கும் லென்ஸ் இறுகிப்போவதால் வருவது. அங்கே இந்த லேசர் போவதே இல்லை. ஆக, ஒரு கண்ணாடியைக் கொடுத்து இன்னொன்றை வாங்குகிறீர்கள்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்குமாகச் சரிசெய்து தருகிற முறை ஒன்று உண்டு. சிலருக்குப் பழகிவிடும், சிலருக்குத் தலை சுற்றும். கேட்டால், கான்டாக்ட் லென்ஸிலேயே அதே அமைப்பைச் சில வாரம் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். போட்டுப் பார்க்காமல் வாங்கிய, தூரமும் கிட்டமும் ஒரே கண்ணாடியில் தெரிகிற புரோகிரஸிவ் கண்ணாடியோடு நான் ஒரு மாதம் படிக்கட்டில் தடவித் தடவி இறங்கியிருக்கிறேன். அதையாவது கழற்ற முடிந்தது.

கே: "வாழ்நாள் உத்தரவாதம்" தருகிறார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்?

ப: என் பரணில் ஒரு பெட்டி இருக்கிறது. சக்கரம் வைத்தது, வாழ்நாள் உத்தரவாதம் உள்ளது. இரண்டாம் வருடம் கைப்பிடி கழன்றது. அட்டையை எடுத்துக்கொண்டு போனால் கடையே இல்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, வாழ்நாள் என்று அவர்கள் குறிப்பிட்டது கடையின் வாழ்நாளை என்று. அன்று முதல் இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதற்கு உத்தரவாதம்? பார்வைக்கா? கிடையாது. பவர் திரும்பி வந்தால் இன்னொரு முறை லேசர் செய்து தருவதற்கு. அதற்கும் எவ்வளவு பவர் வந்தால் என்று ஒரு கீழ்வரம்பு இருக்கும். நீங்கள் குறைவாகத் தெரிகிறது என்று புலம்பலாம், அவர்கள் தாளில் உள்ள எண் புலம்பாது. இரண்டாவது, கார்னியாவில் போதிய தடிமன் மிச்சமிருந்தால்தான். மிச்சமில்லை என்றால் உத்தரவாதம் சட்டகத்துக்குள் அழகாகத் தொங்கும். மூன்றாவது, வருடம் தவறாமல் அவர்களிடமே, காசு கொடுத்து, பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும் என்று சில இடங்களில் நிபந்தனை. ஒரு வருடம் ஊர் மாறினீர்கள், பிரசவம், வேலை, மறதி, ஏதோ ஒன்று, அத்தோடு போச்சு. நான்காவது, வெள்ளெழுத்தும் கண்புரையும் இதில் சேராது. ஆனால் நாற்பதைத் தாண்டியவர் மறுபடி கண்ணாடி தேடுவது பெரும்பாலும் இவற்றால்தான்!

உலர்ந்த கண், இரவில் விளக்கைச் சுற்றி வளையம், இவற்றுக்கு உத்தரவாதம் என்று யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். இதுவரை ஒன்றும் வரவில்லை.

உத்தரவாதம் இருப்பதற்காக ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நல்ல இடத்தில் அது இருந்தால் இருக்கட்டும்.

கே: பி.ஆர்.கே., லேசிக், ஸ்மைல் என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். புதியதுதானே நல்லது?

ப: போன் வாங்குவது போல யோசிக்கிறீர்கள்.

பி.ஆர்.கே.யில் கார்னியாவின் மேல்தோலை நீக்கிவிட்டு நேரடியாக லேசர். சில நாள் வலிக்கும், பார்வை தெளிய வாரங்கள் ஆகும். லேசிக்கில் மெல்லிய மூடி போல வெட்டித் தூக்கி, உள்ளே செதுக்கி, மூடிவிடுவார்கள். மறுநாளே பளிச்சென்று தெரியும், அதனால்தான் அத்தனை பேர் கேட்கிறார்கள். ஆனால் அந்த மூடி பழைய உறுதிக்கு முழுசாகத் திரும்புவதில்லை. குத்துச்சண்டை மாதிரி முகத்தில் அடிபடும் ஆட்டம் ஆடுகிறவருக்குப் பழைய பி.ஆர்.கே.யே மேல். ஸ்மைலில் மூடி கிடையாது, சிறு கீறல் வழியாக உள்ளிருந்து ஒரு துண்டை உருவி எடுப்பார்கள். "பிளேடு இல்லாதது" என்று விளம்பரம் செய்தால், மூடியை வெட்டுவதும் லேசர்தான் என்று அர்த்தம். வெட்டே இல்லை என்று அர்த்தமில்லை.

இன்னொரு வாசகர் "நாங்கள் என்ன சோதனை எலிகளா?" என்று கேட்டிருந்தார். அவருக்கும் இங்கேயே பதில். செதுக்குகிற எக்ஸைமர் லேசர் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். சூட்டால் சுடாமல் திசுவை நறுக்கென்று அகற்றும் என்று 1981இல் ஐ.பி.எம். ஆய்வகத்தில் கண்டவர்கள் ரங்கசாமி ஸ்ரீனிவாசன், சாமுவேல் பிளம், ஜேம்ஸ் வின் மூவரும். முதலில் சோதித்தது எலியை அல்ல, விருந்தில் மிஞ்சிய வான்கோழியை. பி.ஆர்.கே.க்கு அமெரிக்க அனுமதி 1995இல் வந்தது, ஸ்மைலுக்கு 2016இல். எலிக் கட்டம் எப்போதோ தாண்டிவிட்டது.

கே: லேசர் செய்து நான்கு மாதம் ஆகிறது. கண் மணல் போட்டது போல உறுத்துகிறது. இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு பூ மாதிரி விரிகிறது, வண்டி ஓட்டவே பயமாக இருக்கிறது. போய்ச் சொன்னால், போர்டில் கடைசி வரி படிக்கிறீர்களே, ஆபரேஷன் வெற்றி என்கிறார்கள். "பக்க விளைவே இல்லை" என்று மருத்துவமனையின் கவுன்சலர் சொன்னதை நம்பித்தான் சம்மதித்தேன். என் மனப்பிரமையா? (பெயர் வேண்டாம் என்றவர்)

ப: பிரமை இல்லை அம்மா. உங்களுக்கு நடப்பதற்குப் பெயர் உண்டு, கணக்கும் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் முன்னின்று நடத்திய ப்ரௌல் என்ற லேசிக் ஆய்வுகளில், முன்பு வளையம், கூச்சம் போன்ற எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை மூன்று மாதம் கழித்து ஏதாவது ஒன்று புதிதாக வந்ததாகச் சொன்னார்கள். கண் உலர்வு இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை உலர்வு வந்தது. அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்குப் போனவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 95 சதவீதத்துக்கு மேல் பார்வை திருப்தி என்றார்கள். இரண்டு பக்கமும் உண்மை. கவுன்சலர் உங்களிடம் ஒரு பக்கத்தை மட்டும் விற்றிருக்கிறார்.

கார்னியாவின் நரம்புகள் வெட்டுப்பட்டு மறுபடி வளர மாதங்கள் ஆகும். பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் குறைகிறது. அதுவரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. உலர்வுக்குத் தனி வைத்தியம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். உங்கள் முழு ஆவணத்தையும், முக்கியமாக முன்பு எடுத்த கார்னியா வரைபடத்தையும், நகல் கேளுங்கள். எடுத்துக்கொண்டு, அந்த இடத்தோடு தொடர்பில்லாத வேறொரு கார்னியா நிபுணரிடம் போங்கள். உறுத்தலையும் விளக்கு விரிவதையும் தேதி போட்டு எழுதிவையுங்கள். புகாரைக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தில் இந்தத் தொந்தரவுகள் அச்சிட்டிருக்கலாம். "அப்போதே படித்திருக்க வேண்டும்" என்று உங்களை யாராவது குத்திக்காட்டினால், கண்ணில் மருந்து விட்டு மங்கலாக்கிய பிறகு அதை நீட்டினார்களா என்று திருப்பிக் கேளுங்கள். அப்படி நீட்டியதாக எனக்கு இதற்கு முன்பும் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

கே: கார்னியாவின் தடிமன் 480 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்), மைனஸ் 8. ஒரு இடத்தில் முடியாது என்றார்கள். இன்னொரு இடத்தில் "தாராளமாகச் செய்யலாம்" என்கிறார்கள். யாரை நம்புவது?

ப: காசு வேண்டாம் என்றவரை. கணக்கை நீங்களே போடுங்கள். லேசிக்கில் மூடிக்கு ஏறக்குறைய 110 போகும், மீதி 370. ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் என்றால் எட்டுக்கு 120. மிஞ்சுவது 250. மூடிக்குக் கீழே குறைந்தபட்சம் விட்டுவைக்க வேண்டியதே 250 என்பார்கள், பலர் அதற்கும் மேலே கேட்பார்கள். ஒரு மைக்ரான்கூடக் கையிருப்பு இல்லாத கணக்கு "தாராளம்" ஆகுமா? மெலிந்த கார்னியா முன்பக்கம் பிதுங்கிக்கொண்டால் அப்புறம் கண்ணாடியாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. கார்னியாவைச் செதுக்காமல் உள்ளே மெல்லிய லென்ஸ் வைக்கிற ஐ.சி.எல். என்று ஒன்று உண்டு, முதலில் மறுத்தவரிடமே அதைப் பற்றிக் கேளுங்கள்.

என்னையும் ஒருவர் திருப்பி அனுப்பினார். காரணம் கண் உலர்வு. பரிசோதனைக்குக் கொடுத்த பணம் போச்சே என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். என் வாழ்வில் உருப்படியாகச் செலவழித்த பணங்களில் அதுவும் ஒன்று.

கே: வலிக்குமா?

ப: மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். அழுத்தும், ஒரு கணம் இருண்டு போகும், கருகிய வாசனை வரும். லேசிக் என்றால் அன்று மாலை எரியும், தேய்க்கத் தோன்றும். தேய்க்காதீர்கள்.

கே: அடுத்த வாரம் ஆபரேஷன். எல்லாப் பரிசோதனையும் சரி. பழைய கண்ணாடி, பவர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் கடாசிவிடலாமா?

ப: கண்ணாடியைக் கடாசுங்கள். சீட்டையும் கார்னியா வரைபடத்தையும் பத்திரப் பையில் வையுங்கள். வயதான பிறகு கண்புரை வரும்போது உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கார்னியாவின் அளவு வேண்டும். லேசர் செய்த கண்ணில் வழக்கமான கணக்கு தப்பும். அப்போது அந்த டாக்டர் கேட்கப்போவது இந்தத் தாள்களைத்தான். இன்னொன்று: மைனஸ் போனாலும் விழித்திரை மைனஸ்காரருடைய விழித்திரைதான். திடீரென்று பூச்சி பறப்பது போலவோ மின்னல் அடிப்பது போலவோ தெரிந்தால், "எனக்குத்தான் பவரே இல்லையே" என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.