வகுப்பில் கேள்வி கேட்டால் அதே நாலு பேர்தான் கை தூக்குகிறார்கள் என்றால்

கேட்டு முடித்ததும் குறைந்தது 3 நொடி வாயைத் திறக்காதீர்கள். அப்புறம் கை தூக்காத ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நீங்கள் நினைப்பதுபோல மற்றவர்களுக்குப் பாடம் புரியாமல் இல்லை. பெரும்பாலும் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பு ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 நொடிதான் காத்திருந்தது தெரிந்தது. அதை 3 நொடிக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

நாளைக்கு ஒரு பாடவேளையை போனில் பதிவுசெய்து கேளுங்கள். நீங்கள் விட்ட இடைவெளி (அப்போது ஒரு யுகமாகத் தோன்றியிருக்கும்) எவ்வளவு சின்னது என்று தெரியும்.

வாய்ப்பாடு மாதிரி மனப்பாடக் கேள்விகளுக்கு இது பெரிதாக உதவாது. கடைசி வரிசை மட்டும் மௌனமென்றால், முதலில் உங்கள் குரல் அங்கே எட்டுகிறதா என்று பாருங்கள்.