படிவத்தைத் தமிழில் கேளுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 34. கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. கணவருக்கு விந்தணு குறைவாம். கொழும்பில் ஐ.வி.எஃப். என்ற சோதனைக் குழாய் முறையைச் செய்யச் சொல்கிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் வேறொருவரின் விந்தைப் பெறலாமாம். "நம்ம சாதி ஆளோடதான்னு கேளு" என்கிறார் மாமி. சாதி மரபணுவில் வருமா அக்கா? இயற்கைக்கு விரோதமாகப் போகிறோமோ என்றும் பயமாக இருக்கிறது. சீனாவில் மரபணுவைத் திருத்திப் பிள்ளை உண்டாக்கியதாக வாசித்தேன், அதுவும் இங்கே வந்துவிடுமா? அம்மாவிடம் சொன்னபோது அழுதுவிட்டார். "எங்களுக்குக் காசு குடுத்து நிப்பாட்டுனாங்க, நீ காசு குடுத்துப் பெத்துக்கப் போறியா" என்றார். நகையை அடகு வைத்துச் செய்வதா, விட்டுவிடுவதா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பெண்களுக்குச் செய்த கருத்தடை பற்றிக் கொஞ்ச காலமாகப் பழைய ஆட்களிடம் கேட்டு எழுதி வைத்து வருகிறேன். அத்தனை பேர் சொன்னதையும் உங்கள் அம்மா ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

அதற்கு முன் சாதி. மாமி கேட்டதை விடுங்கள், அவர் வளர்ந்த உலகம் அது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நீங்கள் அதை எழுத்தில் கேட்கலாமா? உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை நினைத்து வெட்கப்படுங்கள். சாதிக்கு மரபணு கிடையாது. சொந்தத்துக்குள்ளேயே தலைமுறையாகக் கட்டிக்கொண்டால் நடப்பது வேறு. இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை ஒரு பிள்ளையில் வந்து சேருகிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தாய், தகப்பன் இருவருமே காவிகள், அதாவது நோயில்லாமல் அந்தக் குறையை மட்டும் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கடுமையாக வந்தால் அந்தப் பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். நீங்கள் இருக்கும் ஊவாவில் அது கேள்விப்படாத நோயல்ல. சாதி விசாரிக்கிற வாயால் அந்த இரத்தப் பரிசோதனையை விசாரியுங்கள். விந்து தானத்துக்குப் போகும் முன் இக்ஸி பற்றியும் கேளுங்கள். 1992இல் பிரசல்ஸ் மருத்துவர்கள் அறிவித்த முறை அது. ஒரேயொரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவார்கள். எண்ணிக்கை குறைந்த எத்தனையோ ஆண்கள் அதனால் தகப்பனாகியிருக்கிறார்கள்.

இயற்கை பற்றிய பயத்துக்கு அதிகம் சொல்ல மாட்டேன். சோதனைக் குழாய் முறையில் முதலில் பிறந்த லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் பிறந்தார். வளர்ந்து, இயல்பாகவே கருத்தரித்து, அவரும் தாயானார். போதும்.

இனி உங்கள் அம்மா. 1980களில் கருத்தடை ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கு அரசாங்கம் 500 ரூபாய் கொடுத்தது. அன்றைய நாட்சம்பளத்துக்கு அது பெரிய காசு. விரும்பிப் போனவர்களும் உண்டு. ஐந்தாறு பெற்று உடம்பு உடைந்தவளுக்கு அது விடுதலை, அதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். என் சின்னம்மாவின் கதை அப்படியில்லை. தலவாக்கலைப் பக்கம் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் இருந்தார். இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு, "சின்ன ஆப்பரேஷன்தான்" என்று ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். தாளில் இருந்தது இங்கிலிஷ். வந்த காசில் அடகிலிருந்த தோட்டை மீட்டார். பிறகு சின்னவன் காய்ச்சலில் போய்விட்டான். சின்னம்மா டிஸ்பென்சரிக்குப் போய், "குழாயில முடிச்சுப் போட்டிருக்குன்னாங்களே, அவுத்து விடுங்க" என்று கேட்டிருக்கிறார். முடிச்சென்றால் அவிழ்க்கலாம் என்றுதான் அத்தனை நாளும் நம்பியிருந்தார்.

அந்தச் சத்திரசிகிச்சையில் பிழையில்லை, உலகம் முழுக்கச் செய்வதுதான். ஆனால் அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது போல் ஒரு தாள் மட்டும் இருந்தது. நம் ஆட்களைக் கேட்டு யார் எதைச் செய்தார்கள்? 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரை 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தபோது எந்த லயத்துக்கு வந்து கேட்டார்கள்?

நீங்கள் பயப்படும் சீனக் கதையும் இதேதான். 2018இல் ஹே ஜியான்குய் என்பவர் கருவின் மரபணுவைத் திருத்தினார், இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுப்பதற்காம். அதற்கு எளிய வழி ஏற்கெனவே இருந்தது. அவருக்கு மூன்று வருடச் சிறை. எல்லோரும் மரபணுவைப் பற்றியே பேசினார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'எயிட்ஸ் தடுப்பூசி உருவாக்கும் திட்டம்' என்று போட்டிருந்தது! பரிசோதனைக்கூடம் எவ்வளவு நவீனமானாலும் தாளில் செய்யும் மோசடி பழசுதான். அது இங்கே எப்போதோ வந்துவிட்டது, தங்கச்சி.

அதனால் உங்களிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். கொழும்பில் நீட்டும் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். 1987இலிருந்து தமிழும் இந்நாட்டு அரச கரும மொழி, கேட்க வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கு இங்கிலிஷ் தெரியும் என்று சொல்லாதீர்கள். உங்கள் கணவருக்கும் அது தெரிய வேண்டும், உங்களுக்குப் பின்னால் வரிசையில் இருக்கும் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கும் தெரிய வேண்டும். எத்தனை கரு வைப்பார்கள், மிஞ்சியதை உறையவைத்தால் அது யாருடையது, நீங்கள் இருவரும் பிரிந்தாலோ ஒருவர் இறந்தாலோ அதை யார் தீர்மானிப்பது, ஹோர்மோன் ஊசியால் உங்கள் உடம்புக்கு என்ன ஆபத்து என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கர்ப்பம் தங்கியவர்களின் கணக்கைக் காட்டுவார்கள். உங்கள் வயதில் எத்தனை பேர் உயிருள்ள பிள்ளையைப் பெற்றார்கள் என்ற கணக்கைக் கேளுங்கள். ஒரு முறையோடு முடிகிற செலவா என்பதையும் அப்போதே கேளுங்கள். நகை விஷயத்தை அதற்குப் பிறகு நீங்களும் அவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். மாமி அதில் வேண்டாம்.

அந்தப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறுதலாக வாசிக்கத் தரமாட்டோம் என்றால், எவ்வளவு பெயர் பெற்ற டாக்டராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேறு டாக்டர் இருக்கிறார்.

அன்புடன்,
அக்கா