பிரிட்டன் வெளியேறியது, அயர்லாந்து என்ன ஆனது?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் போனது பிரிட்டன்தான், ஆனால் அதனால் அயர்லாந்தின் பொருளாதாரம் அடிபட்டது என்கிறார்களே, எப்படி? (ஈரோடு வாசகர்)

பதில்: இரு நாடுகளும் 1973 ஜனவரி 1 அன்று ஒரே நாளில், ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தவை. பிரிட்டன் முறைப்படி விலகியது 2020 ஜனவரி 31 அன்று என்றாலும், அயர்லாந்துக்கு முதல் அடி, விலகுவதா வேண்டாமா என்று பிரிட்டன் நடத்திய 2016 ஜூன் வாக்கெடுப்பு முடிவு வந்தவுடனேயே நாணய மதிப்பின் வழியாக விழுந்துவிட்டது. வாக்கெடுப்புக்கு முன் சுமார் 1.30 யூரோவாக இருந்த பவுண்டின் மதிப்பு, அக்டோபருக்குள் 1.11 யூரோ அளவுக்கு இறங்கியது. அயர்லாந்தின் காளான் பண்ணைகள் விளைச்சலில் பெரும்பகுதியைப் பிரிட்டிஷ் சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு, முன்கூட்டியே பவுண்டில் பேசி முடித்த விலைக்கு விற்றுவந்தன. கூலியும் மின்கட்டணமும் யூரோவில், வரவு பவுண்டில். காளானைப் பறித்து வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. மிகக் குறைந்த லாபத்தில் ஓடிய பண்ணைகள் சில அந்த ஆண்டிலேயே மூடப்பட்டன.

2021 ஜனவரியில் சுங்க நடைமுறைகள் நடைமுறைக்கு வந்தபோது சிக்கல் சாலைக்கு வந்தது. அதுவரை டப்ளினில் கப்பலேறும் லாரிகள் வேல்ஸின் ஹோலிஹெட்டில் இறங்கி, இங்கிலாந்தைக் கடந்து, டோவர் வழியாகப் பிரான்சை அடைந்துகொண்டிருந்தன. அந்த வழியில் ஆவணங்களும் தாமதமும் கூடியதால், தென்கிழக்கிலுள்ள ரோஸ்லேர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் டன்கர்க்குக்கு நேரடிக் கப்பல்கள் விடப்பட்டன. ஏறத்தாழ ஒரு நாள் பயணம், செலவும் அதிகம். ஆனாலும் சரக்கு எப்போது போய்ச் சேரும் என்பது உறுதியாகத் தெரிந்ததால் பலர் அதையே விரும்பினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் சரக்குகளை ஐரோப்பிய ஒன்றியம் முதல் நாளிலிருந்தே சோதித்தது. பிரிட்டனோ தன் பங்குச் சோதனைகளை ஒத்திவைத்துக்கொண்டே போய், உணவுப் பொருள்களுக்கான சுகாதாரச் சான்றிதழை 2024 ஜனவரியில்தான் கட்டாயமாக்கியது. அதனால் அயர்லாந்தின் ஏற்றுமதியாளர்களைவிட, பிரிட்டனிலிருந்து சரக்கு வரவழைத்த கடைக்காரர்களே முதலில் திண்டாடினார்கள். பிரிட்டனின் ஆட்சிக்குட்பட்டதாக இருந்தும் சரக்குகளைப் பொறுத்தவரை ஐரோப்பிய விதிகளின் கீழேயே நீடித்த வட அயர்லாந்துடன் எல்லையில் சோதனை இல்லாததால், அவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்பினார்கள். வடக்கு தெற்கு வணிகம் வேகமாக வளர்ந்தது.

கேள்வி: பிரிட்டன் இல்லையென்றால் ஜெர்மனிக்கு விற்கலாமே? (மதுரை வாசகர்)

பதில்: மருந்து, மென்பொருள் என்றால் விற்கலாம்; அத்துறைகள் முன்பே உலகச் சந்தையை நம்பியிருந்ததால் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. செடார் சீஸ் அப்படியல்ல. அதை விரும்பி உண்பவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். ஐரோப்பியக் கண்டத்தில் அதற்கு அவ்வளவு கிராக்கி கிடையாது. வேறு வகை சீஸுக்கு மாறப் புதிய இயந்திரங்களும் புதிய வாடிக்கையாளர்களும் வேண்டும். இத்தகைய இழப்புகளுக்காக ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த பிரெக்ஸிட் (பிரிட்டனின் விலகல்) ஈட்டு நிதியில் அயர்லாந்துக்கே மிகப் பெரிய பங்கு ஒதுக்கப்பட்டது. லண்டனிலிருந்து டப்ளினுக்குச் சில நிதி நிறுவனங்கள் இடம்பெயர்ந்ததும் லாபம்தான். ஆனால் அந்த வேலைகள் காளான் பண்ணையில் வேலை இழந்தவருக்குக் கிடைக்கக்கூடியவை அல்ல.