ஸ்டாக்ஹோமில் ஒரே டிக்கெட், எத்தனை வண்டி?

கேள்வி: மகளைப் பார்க்க நானும் என் கணவரும் ஸ்டாக்ஹோம் போகிறோம். ஆர்லண்டா விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போக மலிவான வழி எது? நேரடி ரயில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பதில்: ரயில் உண்டு. ஆர்லண்டா சென்ட்ரல் ஸ்டேஷன் முனையங்களுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கிருந்து 'பெண்டல்டோக்' என்னும் புறநகர் ரயில் சுமார் 40 நிமிடத்தில் நகர மையத்தில் இறக்கிவிடும். ஆனால் அந்த ஸ்டேஷனின் கேட்டைத் தாண்டுவதற்கே தனிக் கட்டணம் கேட்பார்கள். அது சாதாரண டிக்கெட் விலையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. தனியார் முதலீட்டில் போடப்பட்டு 1999இல் திறந்த பாதை அது. அதனால்தான் இந்த வசூல். நகரப் போக்குவரத்து நிறுவனமான எஸ்.எல்.லின் டிக்கெட்டில் இது அடங்காது.

காசை மிச்சப்படுத்த, விமான நிலைய வாசலில் 583 எண் பஸ்ஸில் ஏறுங்கள். இருபது நிமிடம் போல ஓடி மேஷ்டா ஸ்டேஷனில் விடும். அங்கே பெண்டல்டோக்கில் ஏறினால் மேலும் 40 நிமிடம். பஸ், ரயில் இரண்டுக்கும் ஒரே டிக்கெட். அது 75 நிமிடம் செல்லும். பஸ்ஸில் உள்ள கருவியில் வங்கிக் கார்டைத் தட்டியதுமே நேரம் ஓடத் தொடங்கிவிடும். ஆகவே மேஷ்டாவில் காபி குடிக்க உட்காராமல் கேட்டைத் தாண்டிவிடுங்கள். இரண்டு பெரிய பெட்டிகளோடு நள்ளிரவில் இறங்குகிறவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லமாட்டேன். பகலில் வந்தால் தயங்கவே வேண்டாம்.

18 நிமிடத்தில் போகும் ஆர்லண்டா எக்ஸ்பிரஸ் வேறு நிறுவனத்துடையது, விலையும் அதிகம். அது ஸ்டாக்ஹோம் சென்ட்ரலில் நிற்கும். பெண்டல்டோக் நிற்பதோ 2017இல் திறந்த 'ஸ்டாக்ஹோம் சிட்டி' என்ற நிலத்தடி ஸ்டேஷனில். இரண்டும் அருகருகேதான், ஆனால் பிளாட்பாரங்கள் வேறு வேறு ஆழத்தில். எந்த ரயிலில் வருகிறீர்கள் என்று மகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவர் மேலே நிற்க, நீங்கள் கீழே தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: வங்கிக் கார்டைத் தட்டினாலே போதுமாமே? ஒரே கார்டில் இருவர் போகலாமா?

பதில்: தட்டினால் போதும். ஆனால் ஒரே கார்டில் இருவர் போக முடியாது. ஒரு கார்டு, ஒரு ஆள். கணவர் கார்டைத் தட்டி உள்ளே போனபின் அதே கார்டை மனைவி தட்டினாலும் அவருக்கென்று இன்னொரு டிக்கெட் உருவாகாது. தட்டினால் பெரியவர்களுக்கான முழுக் கட்டணமே பிடிக்கும். 2025 கணக்கில் அது 43 ஸ்வீடிஷ் குரோனா. 20 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் 65 வயது ஆனவர்களுக்கும் சலுகை உண்டு. அதைப் பெற எஸ்.எல். செயலியிலோ ஸ்டேஷன் இயந்திரத்திலோ வாங்க வேண்டும்.

பலர் தவறுவது இன்னொரு இடத்தில். காலையில் பிளாஸ்டிக் கார்டைத் தட்டிவிட்டு, வண்டி மாறும்போது அதே கார்டைச் சேர்த்துவைத்த போனைத் தட்டுவார்கள். இயந்திரத்துக்கு இவை இரண்டும் வேறு வேறு கார்டுகள். முழுக் கட்டணம் மறுபடியும் போகும். எதைத் தட்டித் தொடங்கினீர்களோ அதையே கடைசிவரை தட்டுங்கள். பரிசோதகர் கேட்டால் அவருடைய கருவியிலும் அதையேதான் காட்ட வேண்டும். டிக்கெட் இல்லையென்றால் அபராதம் 1,500 குரோனா. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்ற பேச்சு எடுபடாது.

24 மணி நேர டிக்கெட் 2025இல் 180 குரோனா. அந்த விலையில், 75 நிமிடத்துக்குள் அடங்காத தனித்தனிப் பயணங்கள் ஒரு நாளில் ஐந்து இருந்தால்தான் அது லாபம். பஸ்ஸில் பணமாகக் கொடுத்து டிக்கெட் வாங்க முடியாது.

கேள்வி: Kista-வில் அலுவலகம் என்று தமிழில் எப்படி எழுதுவது, எப்படிச் சொல்வது? எந்த மெட்ரோ?

பதில்: வாசகர் ஆங்கில எழுத்தில் கேட்ட அந்த ஊரை 'ஷீஸ்தா' என்று சொல்ல வேண்டும். 'கிஸ்டா' என்று காத்திருந்தால் அறிவிப்பு காதில் விழாமலே ஸ்டேஷன் போய்விடும். நீல வழித்தடம், எண் 11, அக்கல்லா போகும் வண்டி. அதே பிளாட்பாரத்தில் யூல்ஸ்தா போகும் 10ஆம் எண்ணும் வரும். இரண்டும் வெஸ்த்ரா ஸ்கூகன் வரை ஒன்றாக ஓடி, அதன்பின் பிரியும். நிறத்தைப் பார்த்து ஏறாதீர்கள். வண்டியின் முகப்பில் உள்ள கடைசி ஸ்டேஷன் பெயரைப் பாருங்கள். தவறி 10இல் ஏறிவிட்டால் வெஸ்த்ரா ஸ்கூகனுக்கே திரும்பி வந்து மாறுங்கள்.

வழியில் சோல்னா சென்ட்ரம் வரும். சிவப்பு வானமும் பச்சை மரங்களுமாகக் குகைச் சுவரையே ஓவியமாக்கியிருக்கிறார்கள். அவசரமில்லாத ஒரு நாளில் இறங்கிப் பாருங்கள். 75 நிமிடத்துக்குள் மறுபடி ஏறினால் கூடுதல் செலவில்லை.

சிவப்பு, பச்சை வழித்தடங்களுக்கிடையே அதே திசையில் மாற ஸ்லுஸன் ஸ்டேஷன் வசதி. எதிரே உள்ள பிளாட்பார ஓரத்துக்கு நான்கு எட்டு வைத்தால் போதும், படி ஏறத் தேவையில்லை.

கேள்வி: யூர்கோர்டன் தீவுக்குப் படகு டிக்கெட் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஸ்லுஸனிலிருந்து போகும் 82ஆம் எண் படகில் எஸ்.எல். டிக்கெட்டே செல்லும். மழை நாளென்றால் நகர மையத்திலுள்ள டி-சென்ட்ரலன் மெட்ரோ ஸ்டேஷன் அருகிலிருந்து 7ஆம் எண் டிராமில் போகலாம்.

கேள்வி: பனிக்காலத்தில் ரயில் நின்றுவிட்டால்?

பதில்: 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் நிலை வந்தால் எஸ்.எல்.லிடம் இழப்பீடு கேட்கலாம். டாக்ஸியில் போயிருந்தால் அந்தச் செலவையும் ஒரு வரம்புவரை திருப்பித் தருவார்கள். அதற்கு டாக்ஸி ரசீதும், உங்களிடம் டிக்கெட் இருந்ததற்கான சான்றும் தேவை. இரண்டையும் அங்கேயே போட்டோ எடுத்து வையுங்கள்.